தனியாகப் போனதும் தனியாக விடப்பட்டதும்: ரின்ஜானி மலையில் ஒரு விடியற்காலை

கடந்த ஆகஸ்டில் என் தங்கை இந்தோனேசியாவின் லொம்பொக் தீவுக்குத் தனியாகப் போனாள். அங்கே ரின்ஜானி எரிமலையில் ஏறும்போது, உச்சிக்கு 500 மீற்றர் கீழே, இருட்டில் சறுக்கி விழுந்தாள். முழங்காலில் காயத்தோடு தப்பினாள். அவள் வெள்ளவத்தைக்குத் திரும்பி வந்து மாதங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும், எந்தப் பெரியம்மா வீட்டுக்கு வந்தாலும், இந்தக் கதை ஒரே வசனத்தில்தான் முடிகிறது: "பொம்பிளைப் பிள்ளையைத் தனிய அனுப்பினால் இப்படித்தான்."

இந்த வசனம் பிழை. அதுவும் ஆபத்தான பிழை, ஏனென்றால் உண்மையான காரணங்கள் எல்லாம் அதற்குள் ஒளிந்துகொள்கின்றன. அவளை இருத்திவைத்து மூன்று நாள் கேட்டேன், போனில் இருந்த படங்களின் நேரத்தைப் பார்த்தேன், வட்ஸ்அப் செய்திகளை வரிசைப்படுத்தினேன். அவள் வாசித்துச் சரி என்று சொன்ன பிறகுதான் இதைப் போடுகிறேன். அவளைக் கூட்டிப்போன நிறுவனத்தின் பெயரையோ வழிகாட்டியின் பெயரையோ எழுதவில்லை. ஒரு பெயரைப் போட்டால் எல்லோரும் அந்த ஒரு நிறுவனத்தைத் தவிர்த்துவிட்டு, அதே பிழையை வேறொருவரோடு போய்ச் செய்வார்கள்.

போவதற்கு முன்

அவளுக்கு 31 வயது. கொள்ளுப்பிட்டியில் கணக்கு வேலை. சிவனொளிபாதமலையில் நான்கு தடவை ஏறியவள், அதில் ஒரு தடவை மழையில். "அதை ஏறிய எனக்கு இது என்ன" என்பதுதான் அவளுடைய கணக்கு. அந்தக் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இலங்கையில் மலை ஏறுகிற அநேகமான பேருக்கு அதே கணக்குத்தான் இருக்கிறது.

சிவனொளிபாதமலை 2,243 மீற்றர். நல்லதண்ணியில் இருந்து ஏறினால் ஆயிரம் மீற்றர் அளவு ஏற்றம். ரின்ஜானியில் கூடாரம் போடுகிற, எரிமலைப் பள்ளத்தின் விளிம்பு 2,639 மீற்றரில் இருக்கிறது, உச்சி 3,726 மீற்றர். அந்தக் கடைசி இரவில் ஏற வேண்டியதும் ஆயிரம் மீற்றர் சொச்சம்தான். கடுதாசியில் இரண்டும் ஒன்று. ஆனால் இங்கே 5,000க்கும் மேற்பட்ட படிகள், பிடிக்கக் கம்பி, பருவகாலத்தில் வழிநெடுக வெளிச்சம், களைத்தால் இருந்து பிளேன்டீ குடிக்கக் கடை, முன்னும் பின்னும் ஆயிரம் பேர். அங்கே படி இல்லை. முதல் நாளே 1,500 மீற்றர் ஏறி, கூடாரத்தில் சரியாக நித்திரை வராமல் கிடந்து, நடுச்சாமத்தில் எழும்பி, எரிமலைச் சரளையில் ஏற வேண்டும். சரளை தான் எந்தச் சரிவில் நிற்க முடியுமோ அந்தச் சரிவின் எல்லையில் நிற்கிறது, கால் வைத்தால் அந்தச் சமநிலை குலைந்து காலோடு சேர்ந்து கீழே வருகிறது. இரண்டு அடி வைத்தால் ஒரு அடி பின்னுக்கு. அந்த உயரத்தில் காற்றின் அழுத்தமும் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. ஆகவே அதே ஆயிரம் மீற்றர் அதே ஆயிரம் மீற்றர் இல்லை.

வீட்டில் நாங்கள் இதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. நாங்கள் கேட்டதெல்லாம் ஹோட்டல் அறைக்குப் பூட்டு இருக்குதா, இரவில் வெளியே போவாயா, ஆம்பிளைகள் எப்படி, அது முஸ்லிம் நாடு எண்டால் உடுப்பு எப்படி. அம்மா புறக்கோட்டையில் ஒரு விசில் வாங்கி, சிவப்பு நூலில் கட்டி, கழுத்தில் போட்டே விட்டார். "ஆரும் கிட்ட வந்து கரைச்சல் தந்தால் ஊது பிள்ளை." அவள் அதைக் கழற்ற மாட்டேன் என்று சத்தியம் செய்துதான் கட்டுநாயக்கவில் உள்ளே போனாள். சப்பாத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அவள் கொண்டுபோனது மாலையில் சுதந்திர சதுக்கத்தில் ஓடப் போடுகிற சப்பாத்து, அடி தேய்ந்தது.

பதிவு செய்ததிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ரின்ஜானி தேசியப் பூங்காவில் பதிவு செய்யாமல் ஏற முடியாது. தனியாக ஒரு வழிகாட்டியை எடுத்தால் விலை கூட, அதனால் அவள் ஆறு பேர் கொண்ட கலப்புக் குழுவில் சேர்ந்தாள். ஆறு பேருக்கு ஒரு வழிகாட்டி, மூன்று சுமைதூக்கிகள். மற்ற ஐந்து பேரில் ஒரு சோடி, அப்புறம் மூன்று நண்பர்கள். எல்லோரும் ஐரோப்பியர், நெடுங்கால்காரர்.

அன்றிரவு

செம்பலுன் கிராமத்தில் இருந்து ஏறிய முதல் நாள் நன்றாகவே போனது. சுமைதூக்கிகளைப் பற்றி அவள் இன்றைக்கும் கதைப்பாள். மூங்கில் காவுதடியின் இரண்டு பக்கமும் கூடை, ஒன்றில் கூடாரமும் மற்றதில் அரிசி, முட்டை, அன்னாசி, காலில் ரப்பர் செருப்பு. மாலையில் விளிம்பில் இருந்து கீழே செகாரா அனாக் ஏரியைப் பார்த்திருக்கிறாள். பெயருக்கு அர்த்தம் கடலின் பிள்ளை. செகாரா என்பது எங்களுடைய சாகரம்தான். 1257இல் பக்கத்தில் இருந்த சமாலாஸ் எரிமலை வெடித்து உள்ளே விழுந்த பள்ளத்தில் தேங்கிய தண்ணீர் அது. அந்தப் படத்தை மாலை 5.52க்கு எனக்கு அனுப்பியிருக்கிறாள், கீழே "நாளைக் காலை ஒன்பதுக்குள் கூடாரத்துக்கு வந்து மெசேஜ் போடுறன் அக்கா."

இரவு 2 மணிக்குப் புறப்பட்டார்கள். கடற்கரையில் 28 பாகை இருக்கிற நாளில், ஆயிரம் மீற்றருக்கு ஆறரைப் பாகை வீதம் குறைந்தால், உச்சியில் 4 பாகைதான் வரும். அதற்கு மேல் காற்று. அவள் போட்டிருந்தது பருத்தி பனியன், அதற்கு மேல் ஒரு குளிர்சட்டை. ஏற ஏற வியர்த்தது, நின்றால் அந்த வியர்வை உடம்போடு ஒட்டி ஐஸ் போலானது. பருத்தி ஈரத்தை விடாது என்பது நுவரெலியாவில் மழையில் நனைந்த எவருக்கும் தெரியும், ஆனால் அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

4 மணியைத் தாண்டிய போது 3,200 மீற்றர் என்று கைக்கடிகாரம் காட்டியது. ஒடுங்கிய முதுகு போன்ற வழி, ஒரு பக்கம் ஏரிப் பள்ளம். இரண்டு சப்பாத்துக்குள்ளும் சரளை நிறைந்து பாதம் வெட்டத் தொடங்கியது. இருந்து சப்பாத்தைக் கழற்றிக் கொட்டினாள். வழிகாட்டி திரும்பிப் பார்த்து "பெலான், பெலான்" என்றார், மெதுவாக மெதுவாக என்று. பிறகு சூரிய உதயத்துக்கு மற்றவர்களைக் கூட்டிப்போக வேண்டும் என்றும், நீ ஆறுதலாக வா என்றும் கையால் காட்டிவிட்டு ஏறினார். ஆறு வெளிச்சங்கள் மேலே போய்ச் சின்னதாகி, ஒரு பாறைக்குப் பின்னால் ஒன்றொன்றாக இல்லாமல் போனதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விரல்கள் விறைத்து சப்பாத்து நாடாவைக் கட்ட முடியவில்லை. பல்லால் கடித்து இழுத்திருக்கிறாள். தலை டோர்ச் மஞ்சளாகி, பிறகு ஒரு சிவப்புப் புள்ளியாகி, அணைந்துவிட்டது. மாற்று பற்றரி கூடாரத்தில். அப்போதுதான் அவள் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தாள். குளிர் தாங்காமல், இருட்டிலேயே எழும்பி நடந்தாள். நாலாவது அடியில் கால் பறிந்து ஏரிப் பக்கமாகச் சறுக்கினாள். எவ்வளவு தூரம் என்று அவளுக்குத் தெரியவில்லை. விடிந்த பிறகு மேலிருந்து பார்த்தபோது ஐந்தாறு மீற்றர். ஒரு கல்லில் முழங்கால் அடிபட்டு நின்றது.

பிறகு அவள் செய்ததெல்லாம் சரி. ஏறிவர முயலவில்லை. ஒவ்வொரு அசைவுக்கும் கீழே சரளை போகிற சத்தம் கேட்டது, அதனால் குதிகால் இரண்டையும் புதைத்து முதுகைச் சரிவில் ஒட்டினாள். விசிலை எடுத்து ஊதினாள். மலையில் உதவி கேட்கிற முறை நிமிடத்துக்கு 6 தடவை ஊதி, ஒரு நிமிடம் ஓய்ந்து, மறுபடி 6. அது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை, மூச்சு வரும்போதெல்லாம் ஊதினாள். அந்த உயரத்தில், அந்தக் காற்றில், கத்தினால் பத்து மீற்றர் கேட்காது, விசில் கேட்கும்.

வேறொரு குழுவின் வழிகாட்டி ஒருவர், தலையிடியால் உச்சிக்குப் போகாமல் திரும்பிய ஒரு கணவன் மனைவியை இறக்கிக்கொண்டு வந்தார். அவருக்குக் கேட்டது. கயிறு இல்லை, நடைத்தடியை நீட்டி, தான் படுத்துக்கொண்டு இழுத்து ஏற்றினார். அவர் இடுப்பில் குளிருக்குச் சுற்றியிருந்த சாரத்தை அவிழ்த்து இவளைப் போர்த்தியிருக்கிறார். விடியும் வரை நான்கு பேரும் ஒரு பாறைக்குப் பின்னால் நெருங்கி இருந்தார்கள். வெளிச்சம் வந்த பிறகு இறங்கி, விளிம்புக்கு வர எட்டரை ஆனது.

அவளுடைய சொந்த வழிகாட்டி ஒன்பதரைக்கு வந்தார். அவளைக் கண்டு சிரித்தார். "நீ கூடாரத்துக்குத் திரும்பிவிட்டாய் என்று நினைத்தேன்" என்றார்.

எங்கே பிழைத்தது

அந்த ஒரு வரியில்தான் முழு நிகழ்வும் இருக்கிறது. அவர் இவள் திரும்பிவிட்டாள் என்று நினைத்தார். இவள் அவர் திரும்பி வருவார் என்று நினைத்தாள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, இரண்டு பேரும் கெட்டவர்கள் இல்லை. ஏறத் தொடங்கும் முன் "பின்தங்கியவரை என்ன செய்வது" என்று ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

2025 ஜூனில் இதே மலையில் நடந்ததைப் பலர் செய்தியில் பார்த்திருப்பீர்கள். பிரேசிலைச் சேர்ந்த 26 வயதுப் பெண், தனியாகப் பல நாடுகளைச் சுற்றிக்கொண்டிருந்தவர், குழுவோடும் வழிகாட்டியோடும்தான் ஏறினார். களைத்துப் பின்தங்கினார், குழு முன்னால் போனது, அவர் சரிவில் விழுந்தார். முதலில் டிரோன் படத்தில் அசைவது தெரிந்தது. மூடுபனியும் செங்குத்துச் சரிவும் தடுத்து, மீட்புக்குழு கிட்டப் போய்ச் சேர நாலாம் நாள் ஆகிவிட்டது, அப்போது அவர் உயிரோடு இல்லை. விழுந்த இடம் செமாரா துங்கால் என்ற பகுதி. அந்தப் பெயருக்குத் தனிச் சவுக்கு மரம் என்று அர்த்தம்.

என் தங்கை இந்தச் செய்தியை வாசித்திருந்தாள். வாசித்துவிட்டுத்தான் போனாள். "அவர் விளிம்பில் கவனமில்லாமல் நின்றிருப்பார் என்று நினைச்சன் அக்கா" என்றாள். நாங்கள் எல்லோரும் விபத்துச் செய்திகளை அப்படித்தான் வாசிக்கிறோம், எங்களுக்கு நடக்காத மாதிரி ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டு.

பெண் என்பதால் நடந்தது என்கிற பெரியம்மாக்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஜூனுக்கு முந்தின மாதம் இதே மலையின் தோரேயான் பாதையில் விழுந்து இறந்தவர் 57 வயதான மலேசிய ஆண். சரளை ஆள் பார்ப்பதில்லை.

ஆனால் தனியாகப் போனதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்று சொன்னால் நானும் பொய் சொல்கிறேன். தொடர்பு இருக்கிறது, அவர்கள் நினைக்கிற இடத்தில் இல்லை. அந்தக் குழுவில் சோடிக்கு ஒருவர் மற்றவரைப் பார்த்துக்கொள்ள இருந்தார். நண்பர்கள் மூன்று பேரில் ஒருவர் நின்றால் மற்ற இருவரும் நிற்பார்கள். இவள் நின்றபோது "பொறுங்கள், ஒரு ஆள் குறையுது" என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. தனியாக வருகிற ஆள் ஆணோ பெண்ணோ, கலப்புக் குழுவில் அவருக்கு உரியவர் ஒருவரும் இல்லை. அந்த இடத்தைக் காசு கொடுத்துத்தான் நிரப்ப வேண்டும். தனி வழிகாட்டிக்கான மேலதிகக் காசை ஆடம்பரம் என்று அவள் நினைத்தாள். நானும் நினைத்தேன், "என்னத்துக்கு வீண் செலவு" என்று எழுதியது நான்தான், அந்தச் செய்தி இன்னும் போனில் இருக்கிறது.

திரும்பும் நேரம் என்று ஒன்றும் இருக்கவில்லை. "இத்தனை மணிக்கு எங்கே நின்றாலும் திரும்புவோம்" என்று ஒரு நேரம் வைத்திருந்தால், நாலு மணிக்கு அவள் இருந்த வேகத்தைப் பார்த்தே அவளைச் சுமைதூக்கி ஒருவரோடு அனுப்பியிருக்கலாம். சூரிய உதயம் என்ற ஒன்றுக்காக எல்லோரும் ஓடினார்கள். அவளைக் காப்பாற்றியது உச்சிக்குப் போகாமல் திரும்பியவர்கள் என்பதை நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். தலையிடி வந்ததும், காசு கட்டி வந்தோமே என்று பார்க்காமல், இறங்கத் தொடங்கிய அந்த இரண்டு பேர்.

காப்புறுதி பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவளிடம் பயணக் காப்புறுதி இருந்தது. திரும்பி வந்த பிறகு சின்ன எழுத்தை வாசித்தோம். 3,000 மீற்றருக்கு மேல் மலையேற்றம் சேராது. கூடாரம் எல்லைக்குள், விழுந்த இடம் எல்லைக்கு வெளியே. பல காப்புறுதிகளில் இப்படி ஓர் உயர எல்லை உண்டு, மேலதிகமாகக் கட்டினால்தான் கூட்டித் தருவார்கள்.

வெள்ளவத்தையில்

அவள் சறுக்கியது அங்கே நாலரை மணி. லொம்பொக் எங்களைவிட இரண்டரை மணித்தியாலம் முன்னால். அப்போது இங்கே இரவு 2 மணி, நான் நித்திரை.

"காலை ஒன்பதுக்குள் மெசேஜ்" என்று அவள் எழுதியது எந்த நாட்டு ஒன்பது என்று நான் கேட்கவில்லை. இங்கத்தைய ஒன்பது என்றே எடுத்துக்கொண்டேன். அவளுடைய செய்தி இங்கே 7.10க்கு வந்தது, "இறங்கிட்டன், சின்ன அடி" என்று. எழும்பி, பல் தீட்டி, பிளேன்டீ ஊற்றும்போது வாசித்தேன். ஓம், சந்தோசம், கவனம் என்று பதில் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

அந்த வழிகாட்டிக்கு விசில் கேட்காமல் இருந்திருந்தால்? நான் இங்கே ஒன்பது மணிக்குத்தான் போனை எடுத்துப் பார்த்திருப்பேன். அங்கே அப்போது பதினொன்றரை. அவள் விழுந்து ஏழு மணித்தியாலம் ஆகியிருக்கும். அதற்குப் பிறகும் நான் யாருக்கு எடுத்திருப்பேன்? வழிகாட்டியின் பெயர் எனக்குத் தெரியாது. நிறுவனத்தின் இலக்கம் தெரியாது. எந்த வழியால் ஏறுகிறாள் என்பது தெரியாது, ரின்ஜானி என்ற பெயர் மட்டும் தெரியும். இந்தோனேசியாவில் தேடுதல் மீட்புக்கு 115 என்பதை இதை எழுதத் தேடியபோதுதான் அறிந்தேன். இங்கே 1990 சுவசெரிய மனப்பாடமாக இருக்கிற எங்களுக்கு, தங்கை போகிற நாட்டின் இலக்கம் ஒன்று தெரியாமல் இருந்தது.

கரையில்

மலை முடிந்து அவள் உடனே திரும்பவில்லை. நாங்கள் எல்லோரும் வரச்சொன்னோம். நான்கு நாள் தெற்குக் கரையில், கூத்தா என்ற ஊரில் இருந்தாள், பாலியில் உள்ள கூத்தா அல்ல, லொம்பொக்கில் இருப்பது. அவளுடைய இந்த முடிவை நான் அப்போது ஏசினேன், இப்போது மதிக்கிறேன்.

முழங்கால் வீங்கியிருந்தது. எல்லோரும் ஸ்கூட்டர் எடுக்கச் சொன்னார்கள், அங்கே அதுதான் வழக்கம், மலிவு. அவளுக்கு இங்கே கார் அனுமதிப்பத்திரம் மட்டும்தான், மோட்டார் சைக்கிளுக்கு இல்லை. அந்த வகை சர்வதேச அனுமதிப்பத்திரத்திலும் இருக்க வேண்டும். இங்கே கொள்ளுப்பிட்டியில் ஓட்டோமொபைல் அசோசியேஷன் ஒஃப் சிலோனில் அதை எடுக்கலாம், ஆனால் உள்நாட்டில் இல்லாத வகையை அங்கே தர மாட்டார்கள். அது இல்லாமல் விழுந்தால் காப்புறுதி கிடையாது. மலையில் பட்ட அடி இன்னும் வலித்தது, அதனால் ஒரு நாளைக்குக் கார் சாரதியை எடுத்தாள். கூடவே அன்று மாலை எங்கே நிற்பாள், யாருடைய கார், எத்தனை மணிக்குத் திரும்புவாள் எல்லாம் அடைப்புக்குள் "கொழும்பு நேரம்" என்று போட்டு அனுப்பத் தொடங்கினாள். ஒருவரும் சொல்லாமலே.

தன்ஜுங் ஆன் கடற்கரையின் மணலைப் பற்றிச் சொன்னாள். உருண்டை உருண்டையாக, மிளகு போல, காலடியில் வழுக்கிப் புதையும் மணல். அங்கே அதை மிளகு மணல் என்றே சொல்கிறார்கள். முதல் அடி வைத்ததும் கால் உள்ளே போக, நெஞ்சு பக்கென்று அடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாளாம். பிறகு இருந்து, கையால் அள்ளி, விரலிடுக்கால் விட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். பக்கத்தில் மெரேசே குன்றில் சூரியன் மறைவதைப் பார்க்க எல்லோரும் விளிம்பில் போய்க் காலைத் தொங்கப்போட்டு இருந்தார்கள், இவள் பத்தடி உள்ளே இருந்தாள்.

செலோங் பெலானக்கில் அலை மென்மை, பழகுபவர்கள் அங்கேதான் சேர்ஃபிங் கற்கிறார்கள். அங்கே இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். வேறு கரைகளில் இறங்கவில்லை. வெள்ளவத்தை தண்டவாளத்துக்கு அப்பால் இருக்கிற அதே இந்து சமுத்திரம்தான் அங்கேயும் வந்து மோதுகிறது, அந்தக் கடலில் இழுவை நீரோட்டம் ஆளைக் கொண்டுபோவதை நாங்கள் கல்கிசையில் பார்த்து வளர்ந்தவர்கள். மலைக்குப் போனபோது இல்லாத ஒன்று கரையில் அவளிடம் இருந்தது: அந்த இடத்தின் ஆபத்து என்ன வடிவில் வரும் என்ற அறிவு. அதுதான் வித்தியாசம், தைரியம் இரண்டு இடத்திலும் ஒரே அளவுதான்.

இப்போது

நிறுவனத்துக்கு அவள் எழுதினாள். காசு கேட்கவில்லை. பின்தங்குபவரோடு ஒருவர் நிற்க வேண்டும் என்று விதி வையுங்கள், ஆறு பேருக்கு இரண்டு வழிகாட்டிகள் போடுங்கள் என்று கேட்டாள். மன்னிப்புக் கேட்டு இரண்டு வரி வந்தது, விதி பற்றி ஒன்றும் இல்லை. சாரத்தைப் போர்த்தியவருக்கு அவருடைய குழுத் தலைவர் மூலம் அம்மா ஒரு சாரமும் ஒரு பெட்டி தேயிலையும் அனுப்பினார். கிடைத்ததென்று படம் வந்தது.

வருகிற வருடம் வியட்நாம் போகப் போகிறாளாம், மறுபடி தனியாக, இந்தத் தடவை தனி வழிகாட்டியோடு. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள்: வழிகாட்டியின் பெயர், இலக்கம், ஏறும் நேரம், திரும்பும் நேரம், எத்தனை மணி வரை செய்தி வராவிட்டால் யாருக்கு எடுப்பது, எல்லாம் இரண்டு நாட்டு நேரத்திலும். பாதிக் கட்டங்கள் இன்னும் வெறுமை. நேற்று அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை மேலிருந்து கீழே வாசித்தார். பிறகு பேனை எடுத்துக் கடைசியில் எழுதினார்: சப்பாத்து, புதுசு.